பெரிய பம்ப் வாங்குவதற்கு முன் குழியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டப்பட்ட ஒரு மாடியற்ற வீட்டில் வசிக்கிறோம். பேஸ்மென்டில் என் தாயார் தங்கியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே, குழியில் சேரும் நிலத்தடி நீரை வெளியே தள்ளும் ஒரு சம்ப் பம்ப் போட்டோம். குளிர்காலத்தில் உறைந்துவிடாமல் இருப்பதற்காக, அதன் தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் வெளி நீட்டுக் குழாயைக் கழற்றி வைத்தோம். இந்த வசந்தத்திலிருந்து, மழை ஓய்ந்து பல நாளான பிறகும் பம்ப் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை ஓடுகிறது. முன்பு அது நிற்கும்போது ‘டொம்’ என்று ஒரு சத்தம் வரும். இப்போது வருவதில்லை, அது மட்டும் நிம்மதி. ஓர் இரவு பம்ப் உறுமிக்கொண்டே இருந்தது, தண்ணீர் இறங்கவில்லை. குழாயைத் தட்டி அசைத்த பிறகுதான் வேலை செய்தது. இதைவிட, மேலே சலவை இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது பேஸ்மென்ட் தரையிலுள்ள வடிகால் வாயில் நுரையோடு தண்ணீர் எழுகிறது, மழையில்லாத நாளிலும். பார்க்க வந்த ஒருவர், மூன்றில் ஒரு குதிரைத்திறன் பம்ப் போதாது, முக்கால் குதிரைத்திறன் போட வேண்டும் என்கிறார். மாற்றலாமா? ஓகஸ்டில் தாயாரையும் அழைத்துக்கொண்டு நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறோம். அப்போது பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போகலாமா?

பதில்:

வணக்கம் ஐயா. அந்தப் பெரிய பம்பை இப்போது வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. அவற்றில் எதற்கும் பம்பின் பலம் காரணமாகத் தெரியவில்லை.

உங்கள் பேஸ்மென்டுக்கு வரும் தண்ணீர் இரண்டு வகை. ஒன்று நிலத்தடி நீர். வீட்டு அத்திவாரத்தைச் சுற்றிப் புதைக்கப்பட்டிருக்கும் வீப்பிங் டைல் எனப்படும் துளைக்குழாய் அதைச் சேகரித்துச் சம்ப் குழிக்குள் விடுகிறது. பம்ப் அதை வெளியே தள்ளுகிறது. மற்றது சமையலறை, குளியலறை, சலவை இயந்திரம் ஆகியவற்றின் கழிவுநீர். அது தனிக் குழாயில் சரிந்து தெருச் சாக்கடைக்குப் போகிறது. தரை வடிகாலும் வழக்கமாக இந்த இரண்டாவது குழாயோடுதான் சேர்ந்திருக்கும். அங்கே நுரை எழுகிறது என்றால், அது நிலத்தடி நீர் அல்ல, உங்கள் சலவை நீரேதான். எத்தனை குதிரைத்திறன் பம்ப் போட்டாலும் அந்த நுரை நிற்காது.

உங்கள் தாயார் அங்கே தங்கியிருப்பதால், அந்த இரண்டாவது கோளாறு பற்றி முதலில் ஒரு வார்த்தை. தரை வடிகாலில் தண்ணீர் எழுவதைக் கண்டால் உடனே மேலே எல்லாக் குழாய்களையும் நிறுத்துங்கள், கழிப்பறையைக்கூட அலச வேண்டாம். அது கழிவுநீர், வெறுங்காலுடன் அதில் நடக்கக் கூடாது. தண்ணீர் தரையில் பரவி மின்கம்பிகளையோ சுவர்ப் பிளக்கையோ எட்டியிருந்தால், உள்ளே காலை வைக்காதீர்கள். பிரேக்கர் பெட்டி பேஸ்மென்டிலேயே இருந்தால் அதை நிறுத்தப் போகவும் வேண்டாம். தாயாரை மேலே அழைத்துக்கொண்டு, மின்வழங்கல் நிறுவனத்தைக் கூப்பிட்டு வெளியிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள். அவருடைய அறையில் நீட்டிப்பு வயர்களும் மின்சூடாக்கியும் தரையில் கிடந்தால் இன்றைக்கே அவற்றை உயர்த்தி வையுங்கள்.

இனி பம்புக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, ‘டொம்’ சத்தம் நின்றுவிட்டது என்று நீங்கள் நிம்மதிப்பட்ட வரிதான். பம்பிலிருந்து மேலே போகும் குழாயில் செக் வால்வு என்று ஒன்று உண்டு. அதற்குள்ளிருக்கும் மடல் தண்ணீரை மேலே போக விடும், திரும்பி வர விடாது. பம்ப் நின்றதும் குழாயிலுள்ள தண்ணீர் கீழே விழப் பார்க்கும். அந்த வேகத்தில் மடல் அறைந்து மூடும் சத்தமே நீங்கள் கேட்டது. காதுக்கு இதமில்லாவிட்டாலும், வால்வு வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. வால்வை யாரும் மாற்றாமலே சத்தம் மறைந்திருந்தால், மடல் மூடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மடல் மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வழக்கமான ஒன்றரை அங்குலக் குழாயில் பத்து அடி நீளத்துக்குச் சுமார் நான்கு லீற்றர் தண்ணீர் நிற்கும். வழக்கமான 18 அங்குல விட்டமுள்ள குழியில் ஓர் அங்குல உயரத்துக்குப் பிடிக்கும் தண்ணீரும் ஏறக்குறைய நான்கு லீற்றர்தான். ஆகவே, பம்ப் நின்ற கணத்திலேயே குழியில் நீர்மட்டம் ஓர் அங்குலம் உயர்கிறது. உங்கள் மிதவைச் சுவிட்ச் செங்குத்தாக ஏறி இறங்கும் வகையாக இருந்தால், அது பம்பை ஓடவும் நிற்கவும் வைக்கும் மட்டங்களுக்கு இடையே நான்கைந்து அங்குலமே இருக்கக்கூடும். அதில் ஓர் அங்குலம் ஒவ்வொரு முறையும் பம்ப் தானே தள்ளிய தண்ணீராகத் திரும்பி வருகிறது. பம்ப் அதையே மறுபடி மறுபடி சுமக்கிறது.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். அங்குலக் கோடுகள் போட்ட ஒரு மெல்லிய மரத்தடியைக் குழிக்குள் நிறுத்தி, ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து அரை மணி நேரம் பாருங்கள். பம்ப் நின்ற முதல் சில விநாடிகளில் மட்டம் சட்டென்று ஏறி, பிறகு மெதுவாக ஏறினால், குற்றவாளி வால்வுதான். மெதுவாக ஏறும் பகுதியில், ஓர் அங்குலம் ஏற எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஓர் அங்குலம் என்றால், நிமிடத்துக்கு நான்கு லீற்றர் தண்ணீர் வருகிறது. நல்ல நிலையிலுள்ள மூன்றில் ஒரு குதிரைத்திறன் பம்ப் பத்து அடி உயரத்துக்கு நிமிடத்துக்கு நூறு லீற்றரை ஒட்டியோ அதற்கு மேலோ தள்ளக்கூடியது. நான்கு எங்கே, நூறு எங்கே! பம்ப் போதாது என்று சொல்வதற்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: பெருமழையில் பம்ப் நிற்காமல் ஓடியும் குழியில் மட்டம் ஏறிக்கொண்டே போக வேண்டும். உங்கள் வீட்டில் பம்ப் ஓடி முடித்து நிற்கிறது, பிறகு மறுபடி தொடங்குகிறது. அதாவது வருகிற தண்ணீரை அது வென்றுவிடுகிறது. முக்கால் குதிரைத்திறன் பம்ப் அதே தண்ணீரை இன்னும் சில விநாடி குறைவாக எடுத்து வெளியேற்றும். தொடங்கும் தடவைகள் குறையா. மோட்டாரைத் தேய்ப்பதில் பெரும் பங்கு இந்த அடிக்கடித் தொடக்கத்துக்குத்தான்.

அந்த இரவு பம்ப் உறுமியதற்கும் இதே வால்வுதான் காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். கீலிலிருந்து கழன்ற மடல் குழாய்க்குள்ளேயே கிடந்து, சில வேளைகளில் ஒதுங்கி நின்று எல்லாத் தண்ணீரையும் திரும்பவிடும், சில வேளைகளில் குறுக்கே படுத்து வழியை அடைத்துவிடும். நீங்கள் குழாயைத் தட்டியதும் அது விலகியிருக்கலாம். பம்பின் சுழல் தகட்டில் சரளைக்கல் மாட்டினாலும் இதே உறுமல் கேட்கும். அதனால் பம்பை வெளியே எடுக்கும்போது அடித்தட்டைத் திருப்பிப் பார்த்துக் கழுவிவிடுங்கள். காற்று அடைத்துக்கொள்வதும் உண்டு, ஆனால் அது வால்வு இறுக்கமாக மூடி, மேலே தண்ணீரும் கீழே காற்றுமாக நிற்கும்போது நேர்வது. உங்கள் வால்வு மூடுவதாகவே தெரியாததால், அதை நான் கடைசியில்தான் சந்தேகிப்பேன்.

வால்வை மாற்றுவது பெரிய செலவில்லாத வேலை. பம்பின் பிளக்கைக் கழற்றிய பிறகே கையை வையுங்கள். பெரும்பாலான வால்வுகள் இரு பக்கமும் இறப்பர் இணைப்பும் இறுக்கு வளையமும் கொண்டவை; தளர்த்தினால் மேலேயுள்ள தண்ணீர் கொட்டும், வாளியைத் தயாராக வையுங்கள். புதிய வால்வில் அம்புக்குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். சுருள்வில் வைத்த ‘சத்தமில்லாத’ வகையை வாங்கினால் தாயாரின் தூக்கம் கெடாது. பம்புக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள குழாயில் ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு துளை இருக்கிறதா என்பதை மறக்காமல் பாருங்கள். காற்று வெளியேறுவதற்கான துளை அது. சில பம்புகளில் உடலிலேயே அமைந்திருக்கும், சிலவற்றுக்கு நாம் போட வேண்டும். பம்போடு வந்த கையேடு சொல்லும். புதிய வால்வு ஒழுங்காக மூடத் தொடங்கும்போதுதான் அந்தத் துளையின் தேவை தெரியவரும். அது இல்லாவிட்டால், வால்வை மாற்றிய சில வாரங்களில் காற்றடைப்பு வந்து, மறுபடி உறுமல் கேட்கும். பம்ப் ஓடும்போது அந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீறுவதைப் பார்த்துவிட்டுக் கசிவு என்று நினைத்து அடைத்துவிடுபவர்கள் பலர். அதை அப்படியே விட வேண்டும், நீர் குழிக்குள் விழுமாறு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் போதும்.

வால்வு மட்டுமே காரணமாக இருக்காது என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே தடயம் இருக்கிறது. குளிர்காலத்தில் வெளி நீட்டுக் குழாயைக் கழற்றியதை எழுதியிருக்கிறீர்கள், திரும்பப் பூட்டியதை எழுதவில்லை. கழற்றியது சரிதான், நெளிநெளியான நீண்ட குழாயில் தண்ணீர் தங்கி உறைந்து வழியை அடைத்துவிடும். ஆனால் பனி போன பிறகும் அது பூட்டப்படாமல் இருந்தால், பம்ப் வெளியேற்றும் தண்ணீர் சுவரோரத்திலேயே விழுந்து, மண்ணில் இறங்கி, வீப்பிங் டைலுக்கு வந்து, மறுபடி உங்கள் குழிக்கே வருகிறது. மழையில்லாத நாளிலும் பம்ப் ஓடுவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம் இதுவே. சுவரிலிருந்து குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளி, நிலம் வீட்டைவிட்டு விலகிச் சரியும் பக்கமாகத் தண்ணீரை விடுங்கள். அயலவரின் காணிக்குள்ளோ நடைபாதையிலோ விழக் கூடாது. நடைபாதையில் அது குளிர்காலத்தில் பனிக்கட்டியாகி யாரையேனும் விழுத்திவிடும். கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ரொறன்ரோவில் அது தடைசெய்யப்பட்டது. கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய்களும் சுவரோரத்தில் முடிகின்றனவா என்று அதே நேரத்தில் சுற்றி வந்து பாருங்கள்.

நீட்டுக் குழாயைப் பூட்டி இரண்டு நாள் கழித்து மறுபடி குழியருகே அமர்ந்து அளந்தால், வித்தியாசம் தெரியும். வால்வு, வெளிக்குழாய் இரண்டையும் சரிசெய்து, வறண்ட வானிலையில் ஓரிரு வாரம் சென்ற பிறகும் தண்ணீர் அதே அளவில் வந்தால், நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்த இடம் உங்களுடையது என்பது ஒரு விளக்கம். தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குடிநீர்க் குழாய் மண்ணுக்குள் கசிகிறது என்பது மற்றொரு விளக்கம். தண்ணீர் மீற்றர் ஓடவில்லை என்பதை வைத்து இதைத் தள்ளிவிட முடியாது. மீற்றர் வீட்டுக்குள் இருக்கிறது, கசிவோ அதற்கு முன்னால். நீச்சல் குளத்துக்குப் பயன்படும், மொத்தக் குளோரினைக் காட்டும் சோதனைத் தாளைக் குழித் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். நிறம் மாறினால் மாநகராட்சியின் தொலைபேசி எண்ணான 311ஐ அழைத்துச் சொல்லுங்கள். மாறாவிட்டால் கசிவு இல்லை என்று தீர்மானித்துவிட முடியாது, ஏனென்றால் மண்ணைக் கடந்து வரும்போது குளோரின் குறைந்துவிடும்.

மிதவைச் சுவிட்சையும் ஒரு பார்வை பாருங்கள். வயரில் தொங்கும் மிதவை என்றால், அதிர்வில் பம்ப் நகர்ந்து மிதவை குழிச் சுவரில் ஒட்டிக்கொள்வது வழக்கமான சங்கதி. பம்பின் பிளக் மிதவையின் பிளக்குக்குப் பின்னால் சொருகப்பட்டிருந்தால், ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: குழியில் தண்ணீர் ஏறியும் பம்ப் ஓடாத வேளையில், மிதவையை விட்டுவிட்டுப் பம்பை மட்டும் நேராகச் சுவரில் சொருகுங்கள். ஓடினால் மோட்டார் நலம், மிதவைதான் பழுது. சில விநாடிகளுக்கு மேல் வேண்டாம், தண்ணீரில்லாமல் ஓடினால் பம்பின் அடைப்பு வளையங்கள் கெடும். குழியில் செம்மஞ்சள் நிறத்தில் வழவழப்பான படிவு இருந்தால் அது இரும்பை உண்ணும் நுண்ணுயிர்களின் வேலை. உடலுக்குத் தீங்கில்லை, ஆனால் மிதவையையும் துளைகளையும் அடைக்கும். சுரண்டிக் கழுவுங்கள்.

நுரைக்கு வருகிறேன். மழையில்லாத நாளிலும் எழுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், வீட்டுக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள பிரதான கழிவுக்குழாயில் பாதி அடைப்பு இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். கைகழுவும் தண்ணீரை அது எப்படியோ விட்டுவிடுகிறது. சலவை இயந்திரம் ஒரே மூச்சில் கொட்டும் தண்ணீரைத் தாங்க முடியாமல், வீட்டின் மிகத் தாழ்ந்த வாயான தரை வடிகாலில் வெளிப்படுகிறது. 1960களின் வீடுகளில் இந்தக் குழாய் பெரும்பாலும் சுட்ட களிமண்ணால் ஆனது, அதன் இணைப்புகளில் மரவேர்கள் நுழையும். முன்வளவில் பெரிய மேப்பிள் மரம் இருக்கிறதா? அடுத்தது எண்ணெய். நம் வீடுகளில் பொரியல் எண்ணெயும் இறைச்சிக் கறியின் கொழுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டி வழியாகப் போகின்றன. குளிர்ந்த குழாயில் அது உறைந்து, சோற்றுப் பருக்கையைப் பிடித்துவைத்து, ஆண்டுக்கணக்கில் தடிக்கிறது. ஆறிய எண்ணெயைப் போத்தலில் ஊற்றி எறியும் பழக்கத்தை வீட்டில் எல்லோரும் கைக்கொள்ளுங்கள்.

அடைப்பு நீக்கும் இரசாயனத்தை ஊற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது வேரைக் கரைக்காது. அடைத்த குழாயில் தேங்கி நின்று, பிறகு அந்தக் குழாயைத் திறக்கும் தொழிலாளியின் முகத்திலும் கையிலும் தெறிக்கும். முதலில் 311க்கு அழையுங்கள். காணி எல்லையிலிருந்து தெருக்குழாய் வரையான பகுதி மாநகராட்சிக்குரியது, எல்லைக்கு உள்ளே இருப்பது உங்களுடையது; அடைப்பு எந்தப் பக்கம் என்று தெரியும் முன் தனியாருக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் பக்கம்தான் என்றானால், உரிமம் பெற்ற பிளம்பரைக் கொண்டு சுத்தம் செய்வித்து, பிறகு கமராவை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லி, அந்தப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். குழாய் உடைந்திருக்கிறது, தோண்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்தப் பதிவை இன்னொருவரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கலாம்.

அந்தக் குழாயில் பின்னோட்டத் தடுப்பு வால்வு போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பிளம்பரிடம் கேளுங்கள். தெருச் சாக்கடை நிரம்பும்போது அது மூடிக்கொண்டு, ஊர்க் கழிவு உங்கள் வீட்டுக்குள் வராமல் காக்கும். அதன் மடலில் துணித்துண்டோ கொழுப்போ சிக்கியிருந்தாலும் நுரை எழும். பெருமழையின்போது அது மூடியிருக்கையில் நீங்கள் மேலே குளித்தாலும் துவைத்தாலும், அந்தத் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் தரை வடிகாலிலேயே எழும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2024 ஜூலை 16 அன்றும் நூறு மில்லிமீற்றரை நெருங்கிப் பெய்தது. அத்தகைய நாட்களில் இந்த ஒரு வால்வு உங்கள் தாயாரின் அறையைக் காப்பாற்றும். இந்த வால்வுக்கும் சம்ப் பம்புக்கும் ரொறன்ரோ மாநகராட்சி மானியம் தருகிறது. வேலையைத் தொடங்கும் முன்பே இப்போதைய தொகையையும் நிபந்தனைகளையும் 311இல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூரைக்குழாய்கள் சாக்கடையிலிருந்து துண்டிக்கப்பட்டிருப்பதும், உரிமமுள்ளவர் வேலை செய்திருப்பதும் அவற்றுள் அடங்கும்.

பெரிய பம்புக்கென்று ஒதுக்கிய பணத்தைப் பற்றரியில் ஓடும் துணைப் பம்புக்குச் செலவிடுங்கள் என்பது என் ஆலோசனை. பெருமழையும் மின்வெட்டும் சேர்ந்தே வருவதை 2013இல் இந்த நகரம் கண்டது. மின்சாரம் இல்லாத வேளையில் மூன்றில் ஒன்றும் முக்காலும் ஒன்றுதான். பிரதான பம்புக்குப் பத்து வயதாகிவிட்டிருந்தால், கெடுவதற்குக் காத்திராமல் அதே திறனில் மாற்றிவிடுங்கள். வீட்டுக் காப்புறுதியில் சாக்கடை பின்னோட்டத்துக்கான பிரிவு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் முகவரிடம் கேளுங்கள். சாதாரணப் பத்திரத்தில் அது தானாக இருப்பதில்லை.

நல்லூர்ப் பயணத்தின்போது பம்பின் பிளக்கைக் கழற்றவே கூடாது. திருவிழா நடக்கும் காலம்தான் இங்கே கோடை இடிமழைக் காலமும். நிறுத்த வேண்டியது வீட்டுக்கு வரும் குடிநீரின் பிரதான வால்வு. அதை மூடினால் மேலே குழாய் வெடித்து வீடு நனையும் அபாயம் இல்லை, பம்புக்கும் அதனால் பாதிப்பில்லை. புறப்படும் நாளில் இரண்டு வாளி தண்ணீரைக் குழியில் ஊற்றி, பம்ப் ஓடி நிற்பதையும் வெளியே தண்ணீர் விழுவதையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள். குழியின் விளிம்பில் தண்ணீர் எட்டினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் சிறு எச்சரிக்கைக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு செய்தியைப் பார்ப்பதால் மட்டும் பயனில்லை. சாவியை அருகில் வசிக்கும் ஒருவரிடம் கொடுத்து, பெருமழைக்கு மறுநாள் இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நெடும் பயணம் போகும்போது பிரதான பிரேக்கரையே இறக்கிவிட்டுப் போகும் வழக்கம் நம்மவர் பலரிடம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருந்தால், இம்முறை பிரதான பிரேக்கரை ஏற்றியே விட்டுவிட்டு, தேவையற்ற சுற்றுகளை மட்டும் தனித்தனியாக நிறுத்துங்கள். பம்புக்குரிய பிரேக்கர் எது என்பதை முன்கூட்டியே கண்டறிந்து, அதன் பக்கத்தில் ‘இதை நிறுத்த வேண்டாம்’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.